பூச்செர்ரி மரம் வளர்ப்பும் பராமரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழத்துக்காக அல்லாமல் பூவுக்காகவே வளர்க்கப்படும் செர்ரி மரங்களைப் பூச்செர்ரி என்கிறோம். வசந்தகாலத்தில் இலை துளிர்ப்பதற்கு முன்போ துளிரோடு சேர்ந்தோ கிளை தெரியாதபடி பூத்துவிடும் இந்த மரத்தைப் பார்த்துவிட்டு, ஆசையோடு ஒரு கன்றை வாங்கி நடுகிறவர்கள் பலர். ஐந்தாறு ஆண்டுகளில் அதை இழந்துவிட்டு, என்ன தவறு செய்தோம் என்று புரியாமல் வருந்துகிறவர்களும் உண்டு. அந்த இழப்புகளில் பெரும்பாலானவை வேரில் நீர் தேங்கியதாலோ, கன்றை அளவுக்கு மீறி ஆழமாக நட்டதாலோ, பட்டையில் காயம் பட்டதாலோ நேர்ந்தவை. பூச்செர்ரிக்கு வேரில் காற்றும் பழுதில்லாத பட்டையும் வேண்டும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் காப்பது பற்றியவையே.

எந்தத் தட்பவெப்பத்தில் பூச்செர்ரி வளரும்? வெப்பமான சமவெளியில் வளர்க்க முடியுமா?

குளிர்காலம் தெளிவாகத் தெரியும் மிதமான தட்பவெப்பமே இதற்கு ஏற்றது. கோடையின் பிற்பகுதியிலேயே அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகள் கிளைகளில் உருவாகிவிடுகின்றன. இலையுதிர்ந்தபின் அவை உறக்கத்தில் ஆழ்ந்து, ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரை நூற்றுக்கணக்கான மணிநேரம் பெற்ற பிறகுதான் விழித்தெழும். அந்தக் குளிர் போதாத இடத்தில் மரம் உயிரோடு இருந்தாலும், மொட்டுகள் ஒழுங்கின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக விரியும். இலைகூடத் தாமதமாகவே வரும்.

ஆகவே ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவும் சமவெளியில் நடுவதற்கு இந்த மரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிர் குறைவான மலைப்பகுதிகளில் இருப்பவர்களுக்கு இரண்டு வகைகள் பொருந்தக்கூடும். ஒன்று, தைவானையும் தென் சீனாவையும் தாயகமாகக் கொண்ட, மணி வடிவில் கருஞ்சிவப்புப் பூக்கள் தொங்கும் கேம்பனுலாட்டா. மற்றொன்று, வசந்தத்தில் அல்லாமல் இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில் பூக்கும் இமயமலைச் செர்ரி. கேம்பனுலாட்டாவின் விதைகளைப் பறவைகள் பரப்புவதால் நியூசிலாந்தின் சில பகுதிகளில் அது களையாகவே மாறிவிட்டது என்பதையும் அறிந்துகொண்டு நடுவது நல்லது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். வெப்பமண்டல நகரங்களில் சாலையோரம் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்பதாகப் படங்களில் வரும் மரங்கள் பெரும்பாலும் தபேபுயா என்னும் வேறு குடும்பத்து மரங்கள். அழகில் அவை குறைந்தவையல்ல என்றாலும், இங்கே சொல்லப்படும் பராமரிப்பு அவற்றுக்குப் பொருந்தாது.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது?

பூவின் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம். மரம் முழு வளர்ச்சி அடைந்தபின் எடுக்கும் உருவத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் பூ இரண்டு வாரம்தான் இருக்கும், கிளைகளின் விரிவோ ஆண்டு முழுவதும் நம்மோடு இருக்கும்.

அடர்ந்த இளஞ்சிவப்பு அடுக்குப்பூக்களைக் கொண்ட கன்சான் மிகப் பரவலாக நடப்படும் வகை. இளமையில் குவளைபோல் மேல்நோக்கி நிமிர்ந்து வளர்வதால் இடம் பிடிக்காது என்று தோன்றும். வயது ஏற ஏறக் கிளைகள் சாய்ந்து, 8 முதல் 10 மீட்டர் வரை உயரமும் கிட்டத்தட்ட அதே அளவு அகலமும் அடையும். வெண்மையான பூக்களைக் கொண்ட ஷிரோதாயே உயரத்தைவிட அகலத்தில் அதிகம் பரவும் மரம். அதன் கிளைகள் கிடைமட்டமாக நீளுவதால் நடைபாதைக்கு அருகே நட்டால் பின்னர் வெட்டத்தான் வேண்டியிருக்கும். ஜப்பான் முழுவதும் காணப்படும் சோமேய் யோஷினோ என்பது எடோஹிகன், ஒஷிமா ஆகிய இரண்டு செர்ரிகளின் கலப்பில் பிறந்தது. இலை வருவதற்கு முன்பே வெளிர் நிறத்தில் பூத்துக் குலுங்கும் அதற்கு விசாலமான இடம் வேண்டும்.

குறுகிய இடத்துக்கு அமனோகவா பொருந்தும்: தூண்போல் நெட்டாக வளர்வதால் வீட்டின் முன்புறச் சிறு நிலத்திலும் அடங்கும். அதைவிடச் சிறிதாக, புதர்போல் இரண்டு மீட்டர் அளவில் நின்றுவிடுவது கோஜோ-நோ-மாய். குளிர்காலத்திலும் பூ வேண்டும் என்பவர்களுக்கு ஆட்டம்னாலிஸ் என்னும் வகை உண்டு. இலையுதிர்காலம் தொடங்கி வசந்தம் வரை, வெயில் இதமாக இருக்கும் நாட்களிலெல்லாம் சிறு சிறு தவணைகளாகப் பூத்துக்கொண்டிருக்கும். ஒரே வாரத்தில் பூத்துக் கொட்டும் காட்சி அதில் கிடைக்காது என்றாலும், மாதக்கணக்கில் சில பூக்களாவது மரத்தில் இருப்பதை நான் பெரிய வரமாகக் கருதுகிறேன்.

ஒற்றையடுக்குப் பூக்கள் முன்னதாகவும், அடுக்குப்பூக்கள் சற்றுப் பிந்தியும் மலர்வது பொதுவான வழக்கம். அடுக்குப்பூக்களில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழ்களாக மாறியிருப்பதால் தேனீக்களுக்கு அவற்றால் பயன் குறைவு. தேனீக்களை எண்ணி நடுபவர்கள் ஒற்றையடுக்கு வகையையே தேட வேண்டும்.

கன்று வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பூச்செர்ரிக் கன்றுகள் பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகளே. அடியில் இருக்கும் வேர்ச்செடியும் மேலே இருக்கும் பூவகையும் சேரும் ஒட்டுப்பகுதி, வெடிப்போ பிசினோ இல்லாமல் நன்றாகக் கூடியிருக்க வேண்டும். தண்டில் கீறலும் உள்வாங்கிய கரும்புள்ளிகளும் இருக்கக்கூடாது. தொட்டியில் வளர்ந்த கன்றாக இருந்தால், விற்பவரிடம் கேட்டுத் தொட்டியைச் சற்றுக் கழற்றி வேரைப் பாருங்கள்: வேர்கள் தொட்டியின் சுவரை ஒட்டிக் கயிறுபோல் சுற்றியிருந்தால் அந்தக் கன்று வேண்டாம். உயரமான கன்றைவிட, சிறியதாயினும் நல்ல வேர்க்கட்டுள்ள கன்று விரைவில் நிலைபெற்று, சில ஆண்டுகளில் உயரமானதை எட்டிப் பிடித்துவிடும்.

நோயுற்ற கன்றை ஏற்காமல் திருப்பிவிடத் தயங்க வேண்டாம். 1910-ல் ஜப்பானிலிருந்து அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனுக்கு அன்பளிப்பாக வந்த 2,000 செர்ரிக் கன்றுகளில் பூச்சிகளும் நூற்புழுக்களும் இருப்பது ஆய்வில் தெரிந்ததால், அவை எரிக்கப்பட்டன. நல்ல கன்றுகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டு 1912-ல் மீண்டும் வந்த 3,020 மரங்களிலிருந்துதான் அந்நகரின் புகழ்பெற்ற செர்ரி வரிசைகள் தொடங்கின. இரு நாடுகளின் நட்புக்கு அடையாளமாக வந்த கன்றுகளையே ஏற்க மறுக்க முடிந்தது என்றால், காசு கொடுத்து வாங்கும் ஒரு கன்றை மறுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எந்த இடத்தில் நடலாம்?

நாளில் ஆறு மணிநேரமாவது நேரடி வெயில் படும், பலத்த காற்று நேராக மோதாத, தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். வெயில் குறைந்தால் பூ குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் தேங்கினால் மரமே போய்விடும். செர்ரியின் வேர்கள் மூச்சுத்திணறலைத் தாங்க மாட்டாதவை. ஈரம் நிறைந்த மண்ணில் வேரழுகல் நோயைத் தரும் நுண்ணுயிர்களும் பெருகும்.

இடம் சரியானதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள்; வடிந்ததும் மறுபடியும் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால் அந்த இடம் ஏற்றதன்று. வேறு இடமே இல்லாத நிலையில், ஓரடி முதல் ஒன்றரை அடி உயரத்துக்கு அகலமான மேட்டுப்பாத்தி அமைத்து அதன்மேல் நடலாம். களிமண்ணில் குழி தோண்டி, அந்தக் குழிக்குள் மட்டும் மணலும் உரமும் நிரப்புவது தீர்வாகாது. சுற்றியுள்ள நீர் முழுவதும் அந்தக் குழியில் வந்து சேர்ந்து அது தொட்டியாகிவிடும்.

கட்டடச் சுவர்களிலிருந்தும் கழிவுநீர்க் குழாய்களிலிருந்தும் ஐந்து மீட்டராவது தள்ளி நடுவது பாதுகாப்பானது. செர்ரியின் வேர்கள் மேலோட்டமாகப் பரவுவதால், நடைபாதைக் கற்களை ஒட்டி நட்டால் காலப்போக்கில் கற்கள் எழும்பிவிடும். செர்ரி, பிளம், பீச் போன்ற ஒரே இனத்து மரங்கள் அண்மையில் நின்றிருந்த இடத்தில் புதிய செர்ரியை நடக்கூடாது. பழைய வேர்களில் தங்கியிருக்கும் கிருமிகள் புதிய கன்றை வளரவிடாமல் முடக்கிவிடும்.

நடும் முறை என்ன?

மண் இல்லாமல் வெறும் வேரோடு விற்கப்படும் கன்றுகளை இலையற்ற உறக்க காலத்தில் நட வேண்டும். நடுவதற்கு முன் வேர்களை ஒன்றிரண்டு மணிநேரம் தண்ணீரில் வைத்திருப்பது நல்லது. தொட்டிக் கன்றுகளை, நிலம் உறைந்தோ வறண்டோ இல்லாத எந்தக் காலத்திலும் நடலாம் என்றாலும், இலையுதிர்காலமும் வசந்தத்தின் தொடக்கமுமே சிறந்தவை.

குழி வேர்க்கட்டைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கலாம். ஆழம் மட்டும் வேர்க்கட்டின் உயரத்தைத் தாண்டக்கூடாது. தண்டு விரிந்து வேராக மாறும் இடம் நிலமட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். ஆழமாக நட்டால் மரம் உறுதியாக நிற்கும் என்று எண்ணித் தண்டைப் புதைப்பவர்கள், அந்தப் பட்டையை மெல்ல மெல்ல அழுகவிடுகிறார்கள். தோண்டிய மண்ணையே திருப்பி நிரப்பி, காற்றிடைவெளி இல்லாதபடி இலேசாக அழுத்தித் தண்ணீர் விடுங்கள்.

முட்டுக்கோல் தேவைப்பட்டால் தண்டின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்ட வேண்டாம். மேற்பகுதி காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும். ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டில் கோலை எடுத்துவிட வேண்டும், ஏனெனில் மறந்துபோன கட்டு பட்டையை அறுத்துவிடும்.

தண்ணீரும் உரமும் எவ்வளவு தேவை?

முதல் இரண்டு கோடைகளில் வாரத்துக்கு ஒருமுறை 15 முதல் 20 லிட்டர் தண்ணீரை வேர்ப்பகுதி முழுவதும் ஊறும்படி மெதுவாக விடுவது, தினமும் ஒரு குவளை ஊற்றுவதைவிட நல்லது. ஆழமாக இறங்கிய ஈரத்தைத் தேடி வேரும் இறங்கும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் அந்த வாரம் விட்டுவிடலாம். வேரூன்றிய மரத்துக்கு நீண்ட வறட்சியில் மட்டும் தண்ணீர் போதும்.

மரப்பட்டைத் துண்டுகளையோ மக்கிய இலைகளையோ இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும். மூடாக்கின் பெரிய பயன் ஈரத்தைக் காப்பது மட்டுமன்று: புல்வெட்டும் இயந்திரம் தண்டுக்கு அருகே வர வேண்டிய தேவையே இராது. புல்தரையில் நிற்கும் பூச்செர்ரிகள் பலவற்றின் அடித்தண்டில் அந்த இயந்திரம் உண்டாக்கிய காயத்தைக் காணலாம். நோய்க்கிருமி நுழைவதற்கு அதைவிட எளிய வாசல் கிடையாது.

உரம் குறைவாகவே வேண்டும். வசந்தத்தில் மக்கிய தொழுவுரம் ஓர் அடுக்கு இட்டால் போதுமானது. தழைச்சத்து மிகுந்தால் மென்மையான தளிர்கள் நீண்டு வளர்ந்து, அசுவினிக்கும் நோய்க்கும் இரையாகும்.

கவாத்து செய்யலாமா? எப்போது செய்ய வேண்டும்?

கூடியவரை செய்யாதிருப்பதே நல்லது. செர்ரியை வெட்டுபவன் மூடன், உமே என்னும் ஜப்பானியப் பிளம் மரத்தை வெட்டாதவன் மூடன் என்ற பொருளில் ஜப்பானில் ஒரு பழமொழியே உண்டு. செர்ரியின் பெரிய வெட்டுக்காயங்கள் மெதுவாகவே மூடும். அதற்குள் அழுகல் உள்ளே இறங்கிவிடும்.

காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை ஆகியவற்றை நீக்கத்தான் வேண்டும். அதற்கான காலம், பூத்து முடிந்தபின் வரும் கோடையின் முற்பகுதியும் நடுப்பகுதியும். மழையில்லாத சில நாட்கள் தொடர்ந்து அமையும்போது செய்ய வேண்டும். மற்ற மரங்களைக் குளிர்காலத்தில் கவாத்து செய்து பழகியவர்கள் அதே கையோடு செர்ரியையும் வெட்டுவதுதான் பெரும் ஆபத்து. வெள்ளி இலை நோயைப் பரப்பும் பூஞ்சையின் வித்துகள் ஈரமும் குளிரும் நிறைந்த மாதங்களில்தான் அதிகம் பறக்கின்றன. புதிய வெட்டுக்காயத்தின் வழியாகவே அவை மரத்துக்குள் நுழைகின்றன. அந்த நோய் வந்தால் இலைகள் ஈயம் பூசியதுபோல் வெளிறி, கிளை கிளையாக மரம் பட்டுப்போகும். வெட்டிய கிளையின் நடுவில் கரும்பழுப்புக் கறை தெரியும்.

கிளை தண்டோடு சேருமிடத்தில் சற்றுத் தடித்த வளையம் ஒன்று இருக்கும். அந்த வளையத்தைக் காயப்படுத்தாமலும், வெளியே நீண்ட முளை விடாமலும், அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். கத்தரியும் ரம்பமும் கூர்மையாக இருக்க வேண்டும். நோயுற்ற மரத்தில் பயன்படுத்திய கருவியைச் சாராயக் கரைசலால் துடைக்காமல் அடுத்த மரத்தில் வைக்கக்கூடாது. பெரிதான மரத்தின் தலையை மொட்டையாக வெட்டிக் குட்டையாக்குவதற்கு எந்தக் காலமும் நல்ல காலமன்று. இடத்துக்கேற்ற வகையைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கச் சொன்னது இதனால்தான்.

அடித்தண்டிலிருந்தும் வேரிலிருந்தும் தளிர்கள் கிளம்புகின்றன. விட்டுவிடலாமா?

விடக்கூடாது. ஒட்டுப்பகுதிக்குக் கீழே கிளம்புபவை வேர்ச்செடியின் தளிர்கள். வீரியம் மிகுந்த அவை மேலேயுள்ள பூவகையைச் சில ஆண்டுகளில் நசுக்கிவிடும். முன்பு இளஞ்சிவப்பு அடுக்குப்பூ பூத்த மரம் இப்போது வெள்ளை ஒற்றைப்பூ பூக்கிறது என்று சொல்பவர்களின் தோட்டத்தில் நடந்திருப்பது இதுவே. தளிர் இளசாக இருக்கும்போதே கையால் பிடித்து, கிளம்பும் இடத்திலிருந்து பிய்த்துவிடுங்கள். கிளை தொங்கும் வகைகளில் ஒட்டு பெரும்பாலும் ஆளுயரத்தில் இருக்கும் என்பதால், அதற்குக் கீழே தண்டு நெடுகத் தளிர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பட்டையில் பிசின் வடிகிறது. இது நோயா?

பிசின் என்பது மரம் தன் காயத்துக்குத் தானே இடும் மருந்து. ஒரு துளி பிசினைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பிசினைச் சுற்றியுள்ள பட்டையைப் பாருங்கள். பட்டை உள்வாங்கி, கறுத்து, அதற்கு மேலுள்ள கிளையில் மொட்டு விரியாமலோ இலை வாடியோ இருந்தால் அது பாக்டீரியாவால் வரும் சொறிநோயாக இருக்கலாம். கோடையின் உலர்ந்த நாளொன்றில், பழுப்பு நிறம் தெரியாத நல்ல மரப்பகுதி வரை வெட்டி எடுத்து எரித்துவிட வேண்டும். பிசினோடு மரத்தூளும் கலந்து வந்தால் உள்ளே தண்டுத்துளைப்பான் இருக்கிறது என்று பொருள். இரண்டும் இல்லையென்றால் நீர் தேங்குகிறதா, நீண்ட வறட்சியா, அண்மையில் காயம் பட்டதா என்று ஆராயுங்கள். பிசினைச் சுரண்டுவதால் பயனில்லை.

இலைகளில் ஓட்டைகள் விழுகின்றன. நுனி இலைகள் சுருண்டிருக்கின்றன. என்ன செய்வது?

துப்பாக்கி ரவை துளைத்ததுபோல் சிறு வட்ட ஓட்டைகள் விழுவது, நோய்ப்புள்ளி காய்ந்து உதிர்வதால் ஏற்படுவது. உதிர்ந்த இலைகளைக் கூட்டி அகற்றி, மரத்தின் ஊட்டத்தையும் வடிகாலையும் சரிபார்த்தால் பெரும்பாலும் போதும். சுருண்ட இலையை விரித்துப் பார்த்தால் கறுப்பு அசுவினிகள் கூட்டமாக இருக்கும். வளர்ந்த மரத்துக்கு அவற்றால் பெரிய தீங்கில்லை, பொறிவண்டுகள் வந்து தின்றுவிடும். சிறு கன்றானால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம். ஈரமான வசந்தத்தில் பூக்கள் பழுப்பாகி உதிராமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அது பூவாடல் நோய். அந்தச் சிறுகிளைகளை நீக்குங்கள்.

இலைக்காம்பின் மேல்முனையில் இரண்டு சிறு சிவப்பு முடிச்சுகளைக் கண்டு நோயென்று பதறுபவர்கள் உண்டு. அவை செர்ரிக்கு இயல்பாகவே உள்ள தேன்சுரப்பிகள்.

நட்டுப் பல ஆண்டுகளாகியும் பூக்கவில்லை. காரணம் என்ன?

ஒட்டுக்கன்று வழக்கமாக ஓரிரு ஆண்டுகளிலேயே சில பூக்களைக் காட்டிவிடும். பூக்காததற்கு நிழல், போதாத குளிர், மிகுதியான தழைச்சத்து ஆகியவை காரணமாகலாம். இலையுதிர்காலத்திலோ குளிர்காலத்திலோ கிளை நுனிகளை வெட்டியிருந்தால், மொட்டுகளையே வெட்டியெறிந்திருக்கிறீர்கள். மொட்டு விரியும் நாட்களில் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரிக்கும் கீழாகக் குளிர் இறங்கினால் பூக்கள் கருகத் தொடங்கும். அந்த ஆண்டின் இழப்பு அடுத்த ஆண்டைப் பாதிக்காது.

தொட்டியில் வளர்க்கலாமா?

கோஜோ-நோ-மாய் போன்ற சிறுவகைகளை வளர்க்கலாம். ஒன்றரை அடி அகலமும் நல்ல வடிகால் துளைகளும் உள்ள தொட்டி வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண்ணை மாற்ற வேண்டும்.

பூச்செர்ரியின் பழத்தைத் தின்னலாமா? இலைகளைக் கால்நடைகளுக்குப் போடலாமா?

அடுக்குப்பூ வகைகள் பெரும்பாலும் காய்ப்பதில்லை. காய்க்கும் வகைகளின் பழமும் சிறியதாய், கசப்பாய் இருக்கும். அவற்றைப் பறவைகளுக்கே விட்டுவிடலாம். இலை, சிறுகிளை, விதை ஆகியவற்றில், சிதையும்போது சயனைடை வெளிவிடும் சேர்மங்கள் இருக்கின்றன. குறிப்பாக வாடிய இலைகள் ஆடு, மாடு, குதிரைகளின் உயிரையே பறிக்கக்கூடியவை. வெட்டிய கிளைகளைக் கொட்டிலின் அருகே ஒருபோதும் போட்டு வைக்காதீர்கள்.

விதையிலிருந்து வளர்க்க முடியுமா?

முளைக்கும் விதை கிடைத்தால், அதை மூன்று நான்கு மாதம் ஈரமான குளிரில் வைத்து முளைக்கச் செய்யலாம். ஆனால் தாய்மரத்தின் பூ அப்படியே கிடைக்காது. சோமேய் யோஷினோ மரங்கள் எல்லாமே ஒரே மரத்திலிருந்து ஒட்டின் வழியே பெருகியவை என்பதால் அவை தங்களுக்குள் கருவுற்று விதை தருவதும் இல்லை. ஒரே தோப்பிலுள்ள மரங்கள் ஒரே நேரத்தில் பூப்பதற்கும் இந்த ஒற்றுமைதான் காரணம்.

மரம் எத்தனை ஆண்டு வாழும்? வயதான மரம் பட்டுவந்தால் காப்பாற்ற முடியுமா?

தோட்டத்துப் பூச்செர்ரிகள் பொதுவாக முப்பது நாற்பது ஆண்டுகள் நல்ல நிலையில் இருக்கும். சோமேய் யோஷினோவுக்கு அறுபது ஆண்டு என்று கணக்குச் சொல்வார்கள். ஆயினும் ஜப்பானின் ஹிரோசாகி பூங்காவில் 1882-ல் நட்ட மரம் இன்றும் பூக்கிறது. ஆப்பிள் விளையும் அந்தப் பகுதியில், ஆப்பிள் மரத்தைக் கவாத்து செய்யும் முறையையே செர்ரிக்கும் பயன்படுத்தி, உரமிட்டுப் பேணுகிறார்கள். பழமொழிக்கு மாறான வழிதான் என்றாலும், அது வெட்டுக்காயங்களுக்கு மருந்து பூசி ஆண்டுதோறும் கவனிக்கும் தேர்ந்த கைகளின் வேலை. புகுஷிமாவின் மிஹாரு ஊரில் நிற்கும், அருவிபோல் கிளை தொங்கும் எடோஹிகன் மரம் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்ததாகக் கருதப்படுகிறது.

அடித்தண்டில் காளான் தட்டுகள் முளைத்து, பாதிக் கிளைகள் காய்ந்துவிட்ட மரத்தை மீட்பது அரிது. அது விழுந்தால் யார்மேல் விழும் என்பதை எண்ணி, மரம் அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். வெட்டியே ஆக வேண்டிய நிலை வந்தாலும், அதன் பூவை இழக்க வேண்டியதில்லை. தாய்-ஹாகு என்னும் பெரிய வெண்பூச் செர்ரி ஜப்பானில் அற்றுப்போனபின், 1923-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதித் தோட்டமொன்றில் நலிந்து நின்ற மரத்தை ஆங்கிலேயச் செர்ரி ஆர்வலரான காலிங்வுட் இங்ராம் கண்டெடுத்தார்; அதிலிருந்து எடுத்த குச்சிகளை ஒட்டுக்கட்டித்தான் அந்த வகை மீண்டும் பெருகி, தன் தாய்நாட்டுக்கும் திரும்பியது. உங்கள் மரத்திலும் நோயில்லாத கிளையொன்று மிஞ்சியிருந்தால், இலையற்ற உறக்க காலத்தில் பென்சில் பருமனுள்ள ஓராண்டுக் குச்சிகளை வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, மொட்டுகள் விழிக்கும் பருவத்தில் காட்டுச் செர்ரி வேர்ச்செடியின்மேல் ஒட்டுக்கட்டச் செய்யுங்கள். புதிய கன்றைப் பழைய மரம் நின்ற குழியில் நடாமல், சில மீட்டர் தள்ளி, வடிகாலைச் சோதித்த மண்ணில் நடுங்கள்.